யூதேயா: ஒரு மாகாணத்தின் பெயர் அழிக்கப்பட்ட கதை

பிலாத்து எண்ட பெயரை அறியாத ஆக்கள் எங்களுக்குள்ள குறைவு. பெரிய வெள்ளிக்கிழமை திருப்பாடுகளின் நாடகம் பார்த்தவர்களுக்கு அவன் சிவப்புப் போர்வை போட்ட ஆள். பார்க்காதவர்களுக்கும் 'கை கழுவினவன்' எண்ட அளவில் தெரியும். ஆனால் அந்த மனிதன் அங்கே என்ன வேலை பார்த்தான், அவனை அனுப்பியது யார், அவன் போன பிறகு அந்த நாட்டுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டால் எங்களில் பலருக்குப் பதில் வராது. எங்களுக்கும் வரவில்லை. அதனால்தான் தேடி வாசித்தோம். வாசித்ததில் விளங்கியதை இங்கே எழுதுகிறோம்.

இது ஒரு சின்ன நாட்டின் கதை. உரோமப் பேரரசுக்குள் வந்து ஏறக்குறைய இருநூறு வருடங்களில் அது தன் அரசை இழந்தது, ஆலயத்தை இழந்தது, தலைநகரை இழந்தது, கடைசியில் வரைபடத்தில் இருந்த பெயரையும் இழந்தது. ஆனால் அந்த மக்கள் அழியவில்லை. ஏன் தோற்றார்கள், தோற்ற பிறகு எப்படி மிஞ்சினார்கள் எண்ட இரண்டு கேள்விகளும்தான் எங்களைப் பிடித்து வைத்தன.

அழைத்தவர்கள் யார்?

உரோமர்கள் யூதேயாவுக்குள் சும்மா பாய்ந்து வரவில்லை. அழைக்கப்பட்டு வந்தார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வழிவந்த செலூக்கிய அரசர்களை எதிர்த்து யூதர்கள் கிளர்ந்தெழுந்து, ஹஸ்மோனியர் எண்ட சொந்த அரச வம்சத்தை அமைத்திருந்தார்கள். அந்த வம்சத்தில் ஹிர்க்கானஸ், அரிஸ்தோபுலஸ் எண்ட இரண்டு சகோதரர்கள் பதவிக்காகச் சண்டை பிடித்தார்கள். அந்த நேரம் உரோமத் தளபதி பொம்பே சிரியாவில் நின்றான். இரண்டு பேருமே அவனிடம் போய் நியாயம் கேட்டார்கள். மூன்றாவதாக ஒரு குழுவும் போய், எங்களுக்கு அரசனே வேண்டாம் எண்டு சொன்னது. கி.மு. 63இல் பொம்பே படையோடு வந்து எருசலேமைப் பிடித்தான். ஆலயத்தின் மிகப் புனிதமான உள்ளறைக்குள், தலைமைக் குரு மட்டும் வருடத்தில் ஒரு நாள் நுழையக்கூடிய இடத்துக்குள், அவன் நடந்து போனான். உள்ளே சிலை எதுவும் இல்லை, வெறும் அறை எண்டு உரோம வரலாற்றாசிரியர் தசிட்டஸ் பின்னாளில் எழுதினார். உருவமில்லாத கடவுளை உரோமர்களுக்குக் கடைசிவரைக்கும் விளங்கவே இல்லை.

ஆனாலும் உரோம் உடனே நேரடி ஆட்சி நடத்தவில்லை. தன் சொல் கேட்கும் உள்ளூர் அரசனை வைத்துக்கொள்வது செலவு குறைந்த வழி. அப்படி வந்தவன்தான் ஏரோது. கி.மு. 40இல் உரோம செனட் சபை அவனை 'யூதரின் அரசன்' ஆக்கியது. அந்த நேரம் அவன் கையில் நாடே இருக்கவில்லை. மூன்று வருடம் கழித்து உரோமப் படையின் துணையோடுதான் எருசலேமைப் பிடித்தான்.

ஏரோது கொடியவன்தான். மனைவி மரியம்னேயையும் மூன்று பிள்ளைகளையும் கொன்றவன். அதேநேரம் பெரும் கட்டடக்காரன். இத்தாலியிலிருந்து எரிமலைச் சாம்பல் கொண்டுவந்து, தண்ணீருக்குள்ளேயே இறுகும் கொங்கிறீட் போட்டு, செசரியாவில் புதிய துறைமுகம் கட்டினான். எருசலேம் ஆலயத்தை உலகமே பேசும் அளவுக்குப் பெருப்பித்தான். இன்று யூதர்கள் போய்த் தொழுகிற மேற்குச் சுவர், ஏரோது ஆலய மேடையைத் தாங்கக் கட்டிய அணைச் சுவரின் ஒரு துண்டு. இந்த ஆலய வேலை அவன் செத்த பிறகும் பல பத்து வருடம் இழுபட்டது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எண்ணத் தொடங்கிய நாள்

கி.மு. 4இல் ஏரோது செத்தான். நாடு பிள்ளைகளுக்குப் பிரிந்தது. யூதேயாவைப் பெற்ற அர்க்கெலாயு மோசமான ஆட்சியாளன். சனம் ஒரு தூதுக்குழுவை அனுப்பி அகுஸ்து பேரரசரிடம் முறையிட்டது. அகுஸ்து அவனை இன்றைய பிரான்ஸ் பக்கம் நாடு கடத்தினார். கி.பி. 6இல் யூதேயா உரோமின் மாகாணம் ஆனது.

மாகாணம் ஆனால் முதல் வேலை என்ன? கணக்கெடுப்பு. சிரியாவின் ஆளுநர் குயிரினியு வந்து குடிசன மதிப்பீடு நடத்தினார். யாரிடம் எவ்வளவு காணி, எத்தனை தலை, எவ்வளவு வரி. இன்றைக்கு எங்களுக்கு இது சாதாரண அரசாங்க வேலை மாதிரித் தெரியும். அன்றைக்கு அது வேறு விஷயம். அந்த மக்களின் நம்பிக்கையில் நிலம் கடவுளுடையது. உரோமின் ஏட்டில் பெயர் எழுதினால் அது சீசருடையது எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. கலிலேயனான யூதா எண்ட ஒருவன், கடவுளைத் தவிர வேறு எசமான் இல்லை எண்டு சொல்லி எழும்பினான். அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டது, ஆனால் அந்தச் சொல் அடங்கவில்லை. லூக்காவின் நற்செய்தி இயேசுவின் பிறப்பை இந்தக் கணக்கெடுப்போடு இணைக்கிறது. மத்தேயு அதை ஏரோதின் காலத்தில் வைக்கிறார். இடையில் ஒன்பது, பத்து வருடம் இருப்பதால், வரலாற்றாசிரியர்கள் இதைப் பற்றி இன்றும் விவாதிக்கிறார்கள்.

இந்தச் சின்ன மாகாணத்தை ஆள வந்தவன் பெரிய செனட்டர் இல்லை. 'பிரிஃபெக்ட்' எண்ட இரண்டாம்தரப் பதவிக்காரன். எருசலேமில் இருக்காமல் கடற்கரையில் செசரியாவில் இருந்தான். அவனிடம் முழு லீஜன் படையும் இல்லை. சுமார் மூவாயிரம் துணைப்படையினர்தான். அதிலும் பெரும்பாலானோர் செசரியா, செபாஸ்தே நகரங்களைச் சேர்ந்த யூதரல்லாத உள்ளூர் ஆக்கள். அயல் சமூகத்தைச் சேர்ந்த ஆயுதக்காரர்களை வைத்து யூதர்களைக் காவல் காத்தது உரோம். அண்டைப் பகை எப்படி வளர்ந்திருக்கும் எண்டு யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். தலைமைக் குருவை நியமிக்கிற, நீக்குகிற அதிகாரம் உரோம ஆளுநரிடம் இருந்தது. தலைமைக் குரு பண்டிகைக்கு உடுத்தும் திருவுடையைக்கூடப் பல வருடங்கள் உரோமர்கள் கோட்டைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். பண்டிகை வரும்போது எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் திருப்பி வாங்கிப் பூட்டினார்கள். வரியை விட, படையை விட, இந்த உடுப்புப் பெட்டிதான் அடிமைத்தனம் எண்டால் என்ன எண்டு எங்களுக்கு விளக்கியது.

பிலாத்து எண்ட உத்தியோகத்தன்

பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை பிரிஃபெக்ட். அவன் உண்மையில் இருந்தவன்தானா எண்டு கேட்டவர்களுக்கு 1961இல் பதில் கிடைத்தது. செசரியாவின் பழைய அரங்கில், பிறகாலத்தில் படிக்கல்லாகப் போட்டிருந்த ஒரு கல்லில், அவனுடைய பெயரும் 'யூதேயாவின் பிரிஃபெக்ட்' எண்ட பதவியும் இலத்தீனில் பொறிக்கப்பட்டிருந்தன.

நற்செய்திகளில் பிலாத்து தயங்குகிற ஆள். யூத எழுத்தாளர்களில் வேறு ஆள். ஒரு முறை பேரரசரின் உருவம் பொறித்த படைக்கொடிகளை இரவோடு இரவாக எருசலேமுக்குள் கொண்டுவந்தான். சனம் செசரியாவுக்குப் போய் அவன் வாசலில் ஐந்து நாள் விழுந்து கிடந்தது. ஆறாம் நாள் படையைச் சுற்றி நிறுத்தி, கலையாவிட்டால் வெட்டுவேன் எண்டான். அவர்கள் கழுத்தைத் திறந்து காட்டினார்கள். பிலாத்து பின்வாங்கி, கொடிகளை எடுப்பித்தான்.

இன்னொரு முறை நகரத்துக்குத் தண்ணீர்க் கால்வாய் கட்ட ஆலயப் பணத்தை எடுத்தான். தண்ணீர் நல்ல விஷயம்தான், ஆனால் பணம் கடவுளுக்குக் கொடுத்த காணிக்கை. சனம் கூடிச் சத்தம் போட்டபோது, பொதுமக்கள் உடுப்பில் பொல்லுகளோடு கூட்டத்துக்குள் கலந்து நின்ற படையினருக்குச் சைகை காட்டினான். அடிபட்டும் நெரிபட்டும் பலர் செத்தார்கள். கடைசியாக கெரிசிம் மலையில் கூடிய சமாரியரைக் கொன்றதற்காக மேலதிகாரி அவனை உரோமுக்குத் திருப்பி அனுப்பினார். யூதர், சமாரியர் இரண்டு தரப்பையுமே பகைத்துக்கொண்டு போனான்.

பிறகு கலிகுலா. தன்னைக் கடவுளாக நினைத்த அந்தப் பேரரசன் தன் சிலையை எருசலேம் ஆலயத்துக்குள் வைக்கச் சொன்னான். சிரியாவின் ஆளுநர் பெத்ரோனியு படையோடு வந்தபோது, பல்லாயிரம் சனம் விதைப்புக் காலத்தில் வயலை விட்டுவிட்டு வந்து அவன் முன் நின்றது. விதைக்காவிட்டால் விளைச்சல் இல்லை, விளைச்சல் இல்லாவிட்டால் வரி இல்லை. பெத்ரோனியு கட்டளையைத் தள்ளிப்போட்டு, உயிரைப் பணயம் வைத்துக் கலிகுலாவுக்குக் கடிதம் எழுதினான். தற்கொலை செய் எண்டு கலிகுலா பதில் அனுப்பினான். கி.பி. 41இல் கலிகுலா கொலைசெய்யப்பட்ட செய்தி அந்தப் பதிலை முந்தி வந்து சேர்ந்ததால் ஆள் தப்பினான். பேரரசுக்குள்ளும் மனச்சாட்சி உள்ள ஒரு உத்தியோகத்தன் இருக்கலாம் எண்டதற்கு இது சாட்சி. ஒரு மக்களின் பாதுகாப்பு அப்படியான ஒரு ஆளின் மனச்சாட்சியிலும் கடிதத்தின் தாமதத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது எண்டதற்கும் இதுதான் சாட்சி.

66: கடன் பத்திரங்கள் எரிந்த வருடம்

கி.பி. 60களில் யூதேயா கொதித்துக்கொண்டிருந்தது. ஏன்? சமயம் மட்டும் எண்டு சொல்வது பாதிக் கதை. ஏரோது தொடங்கிய ஆலய வேலை இந்தக் காலத்தில்தான் முடிந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தார்கள் எண்டு ஜொசீபஸ் எழுதுகிறார். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தெருக்களுக்கு வெள்ளைக் கல் பதித்தார்கள். கிராமத்தில் வரியும் கடனும். நகரத்தில் ஆளுநர் நியமித்த, சனத்துக்குப் பிடிக்காத பணக்காரக் குருகுலக் குடும்பங்கள். பண்டிகைக் கூட்டத்துக்குள் உடுப்புக்குள் குறுவாள் மறைத்துவந்து குத்துகிற 'சிக்காரி' குழுக்கள். அவர்கள் முதலில் கொன்ற பெரிய ஆள் உரோமன் இல்லை, யூதத் தலைமைக் குருவாக இருந்த யோனத்தான்.

66இல் ஆளுநர் புளோரஸ் ஆலயக் கருவூலத்திலிருந்து 17 தாலந்து எடுத்தான். ஒரு லட்சம் நாட்கூலிக்குக் கிட்டவான தொகை அது. இளம் ஆக்கள் சிலர் கூடையை எடுத்துக்கொண்டு, "பாவம் புளோரஸ், கஷ்டப்பட்ட மனுசன், ஏதாவது போடுங்கோ" எண்ட தோரணையில் தெருவில் பிச்சை எடுத்து நக்கலடித்தார்கள். புளோரஸ் நக்கலைப் பொறுக்கிற ஆள் இல்லை. படையைச் சந்தைக்குள் அவிழ்த்துவிட்டான். பெண்கள், குழந்தைகள் உட்பட 3,600 பேர் செத்தார்கள் எண்கிறார் ஜொசீபஸ். ஏரோது வம்சத்து அரசி பெர்னிக்கே வெறுங்காலோடு போய்க் கெஞ்சியும் நிற்கவில்லை.

அதுக்குப் பிறகு ஆலயத்தின் இளம் அதிகாரி எலியாசர், பேரரசருக்காக நாள்தோறும் செலுத்திய பலியை நிறுத்தினான். இது வெளிப்படையான போர்ப் பிரகடனம். கிளர்ச்சியாளர் நகரத்தின் மேற்பகுதிக்குள் நுழைந்ததும் முதலில் எரித்தவற்றில் ஒன்று ஆவணக் களஞ்சியம். கடன் கொடுத்தவர்களின் பத்திரங்கள் அங்கேதான் இருந்தன. கடன்காரர் தங்கள் பக்கம் வருவார்கள் எண்ட கணக்கு. உரோமருக்கு எதிரான போரின் உள்ளே ஏழைக்கும் பணக்காரனுக்குமான இன்னொரு போரும் நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடக் கடைசியில் சிரிய ஆளுநர் படையோடு வந்து, எருசலேமைப் பிடிக்காமல் திரும்பும் வழியில் பெத்ஹோரோன் மலைப்பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தான். சனத்துக்கு நம்பிக்கை வந்தது. தங்கள் சொந்த வெள்ளி நாணயம் அடித்தார்கள். 'ஆண்டு 1' எண்டு பொறித்தார்கள். அந்த நாணயங்கள் 'ஆண்டு 5' வரைக்கும்தான் போகின்றன.

கதை சொல்பவன் கட்சி மாறினவன்

இதுவரை நாங்கள் சொன்னதில் பெரும்பகுதி ஒரே ஆளின் எழுத்திலிருந்து வந்தது. அந்த ஆளைப் பற்றிக் கட்டாயம் கதைக்க வேண்டும். மத்தித்தியாவின் மகன் யோசேப்பு, குருகுலத்தில் பிறந்தவர், கலிலேயாவில் கிளர்ச்சிப் படைக்குத் தளபதி. 67இல் யோத்பாத்தா எண்ட ஊரில் 47 நாள் முற்றுகைக்குள் இருந்தார். ஊர் விழுந்தபோது நாற்பது பேரோடு ஒரு குகைக்குள் ஒளிந்தார். சரணடையக் கூடாது, ஒருவரை ஒருவர் கொல்வது எண்டு அவர்கள் முடிவெடுத்துச் சீட்டுப் போட்டார்கள். கடைசியில் மிஞ்சிய இரண்டு பேரில் ஒருவர் இவர். கணிதம், புரோகிராமிங் படிக்கிறவர்களுக்கு 'ஜொசீபஸ் கணக்கு' தெரிந்திருக்கும். வட்டத்தில் நின்று எண்ணி எண்ணி ஆளை நீக்குகிற அந்தக் கணக்கு இந்தக் குகையிலிருந்து வந்ததுதான்.

அவர் சரணடைந்தார். உரோமத் தளபதி வெஸ்பாசியனிடம், நீ பேரரசன் ஆவாய் எண்டு சொன்னார். 69இல் அது உண்மையாகவே நடந்தது. அதுக்குப் பிறகு அவர் பிளாவியஸ் ஜொசீபஸ். உரோமக் குடியுரிமை, வீடு, உதவிப்பணம். அங்கே இருந்துதான் 'யூதப் போர்' எழுதினார்.

அப்ப அவரை நம்பலாமா? நாங்கள் கனநேரம் விவாதித்த கேள்வி இது. டைட்டஸ் ஆலயத்தை எரிக்க விரும்பவில்லை, படைவீரன் ஒருவன் கட்டளையில்லாமல் கொளுத்தினான் எண்டு ஜொசீபஸ் சொல்கிறார். டைட்டஸ் அவருடைய புரவலன். பிற்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் சுல்பிசியஸ் செவரஸ், டைட்டஸ்தான் எரிக்கச் சொன்னான் எண்கிறார். கிளர்ச்சித் தலைவர்களைக் கொள்ளைக்காரர் எண்டு ஜொசீபஸ் எழுதுவதும் ஒரு வசதிக்குத்தான். பழி முழுச் சமூகத்துக்கும் போகாமல் ஒரு சில ஆக்களுக்குப் போகிறது. தன்னுடைய கட்சி மாற்றமும் நியாயமாகிறது. அவரோடு முரண்பட்டு திபேரியாவின் யுஸ்துஸ் எண்டவர் எழுதிய வரலாறு தொலைந்துபோயிற்று. எங்களிடம் மிஞ்சியது ஒரு பக்கம்தான். ஆனாலும் அந்த ஆள் இல்லையெண்டால் கூடையோடு நக்கலடித்த இளைஞர்களைக்கூட எங்களுக்குத் தெரிந்திராது. நம்பாமல் வாசிக்கலாம், வாசிக்காமல் விட முடியாது.

70: தானியத்தை எரித்தவர்கள்

70ஆம் ஆண்டு பாஸ்கா பண்டிகைக்கு யாத்திரிகர் நிறைந்திருந்த நேரம் டைட்டஸ் நான்கு லீஜன்களோடு எருசலேமைச் சுற்றினான். நகரத்துக்குள் மூன்று அணிகள். கிஸ்காலாவின் யோவான், கியோராவின் மகன் சீமோன், ஆலயத்தின் உள்முற்றத்தைப் பிடித்து வைத்திருந்த எலியாசர். மூன்றும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன. அந்தச் சண்டையில் பல வருடத்துக்குப் போதுமான தானியக் களஞ்சியங்கள் எரிந்துபோயின.

இது ஜொசீபஸ் கட்டிய கதையாக இருக்கலாமே எண்டு நினைத்தோம். ஆனால் தசிட்டஸும் இதைச் சொல்கிறார். உரோமை எந்த வகையிலும் நேசிக்காத யூத ரபிகளின் தல்மூதும் இதைச் சொல்கிறது. சனம் பசிக்குப் பயந்தாவது போரிடட்டும் எண்டு தீவிரவாதிகள் களஞ்சியத்தை எரித்தார்கள் எண்கிறது அது. மூன்று வேறு பக்கத்து ஆக்கள் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது ஒதுக்க முடியாது. முற்றுகைப் பட்டினியில் செத்தவர்களின் சாவுக்கு முதல் பொறுப்பு முற்றுகை போட்டவனுடையது. ஆனால் தங்கள் சனத்தைத் தங்கள் போருக்குள் பூட்டி வைத்தவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைப்பதாக ஆகாது.

அந்தக் கோடையில் ஆலயம் எரிந்தது. பதினொரு லட்சம் பேர் செத்தார்கள், 97,000 பேர் பிடிபட்டார்கள் எண்டு ஜொசீபஸ் எழுதுகிறார். முதல் எண்ணை இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் ஏற்பதில்லை, நகரம் அவ்வளவு பெரிதல்ல. எண் எதுவாயினும் அழிவு உண்மை. உரோமில் இன்றும் நிற்கிற டைட்டஸ் வளைவில், ஆலயத்தின் ஏழு கிளை விளக்குத்தண்டைப் படையினர் தூக்கிக்கொண்டு போகும் சிற்பத்தைப் பார்க்கலாம். பனைமரத்தின் கீழ் அழுதுகொண்டிருக்கிற பெண்ணின் உருவத்தோடு 'யூதேயா பிடிபட்டது' எண்டு நாணயம் அடித்தார்கள்.

வரியும் மாறியது. ஒவ்வொரு யூத ஆணும் வருடாவருடம் ஆலயத்துக்குக் கொடுத்த அரைச் சேக்கல் இனி உரோமின் யூப்பிட்டர் கோயிலுக்கு. அதுவும் பேரரசு முழுவதிலும் உள்ள யூதர்கள், பெண்களும் சிறுவர்களும் சேர்த்து. போரோடு சம்பந்தமே இல்லாதவர்களும் கட்ட வேண்டும். தொமித்தியான் காலத்தில் இந்த வரியைத் தப்புகிறார்களா எண்டு பார்க்க, 90 வயதுக் கிழவர் ஒருவரை நிறைந்த நீதிமன்றத்தில் வைத்து உடுப்பை அவிழ்த்துப் பரிசோதித்ததை இளம் வயதில் நேரில் பார்த்ததாக சுவெத்தோனியஸ் எழுதுகிறார்.

கோட்டையா, பள்ளிக்கூடமா?

இதுக்குப் பிறகு இரண்டு இடங்கள். ஒன்று மசாடா. சாக்கடல் ஓரத்து மலைக்கோட்டை. 73இல் அல்லது 74இல் உரோமர் உள்ளே நுழைந்தபோது 960 பேர் தாங்களே உயிரை முடித்திருந்தார்கள், இரண்டு பெண்களும் ஐந்து பிள்ளைகளும் மட்டும் ஒளிந்து தப்பினார்கள் எண்டு ஜொசீபஸ் சொல்கிறார். அதே மசாடாக்காரர்கள் போரின் நடுவில் ஏன்கெதி எண்ட யூதக் கிராமத்தைக் கொள்ளையடித்து, பெண்கள் குழந்தைகள் எழுநூறு பேருக்கு மேல் கொன்றதையும் அவர்தான் சொல்கிறார். அந்தப் பகுதியை ஆக்கள் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை.

மற்றது யவ்னே. யோகனான் பென் சக்காய் எண்ட முதிய ரபியை அவருடைய மாணவர்கள் செத்தவர் மாதிரிப் பெட்டிக்குள் வைத்து முற்றுகைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்தார்கள் எண்டு தல்மூது சொல்கிறது. அவர் வெஸ்பாசியனிடம் கேட்டது: யவ்னேயையும் அதன் அறிஞர்களையும் எனக்குத் தா. இது மரபுக் கதைதான், ஆனால் யவ்னேயில் அறிஞர்கள் கூடியது உண்மை. பலி இல்லாமல், குரு இல்லாமல், ஆலயம் இல்லாமல் எப்படி யூதராக இருப்பது எண்டு அங்கே யோசித்தார்கள். பலிபீடத்தின் இடத்தில் படிப்பும் செபமும் வந்தன.

அவரை வீரனாக மட்டும் தல்மூது காட்டவில்லை எண்டது எங்களுக்குப் பிடித்திருந்தது. எருசலேமையே விட்டுவிடச் சொல்லிக் கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை எண்டு பின்வந்த ரபிகள் அதே பக்கத்தில் குற்றம் சொல்கிறார்கள். அவ்வளவு கேட்டிருந்தால் கொஞ்சமும் கிடைத்திராது எண்டு பதிலும் இருக்கிறது. தன் மீட்பரையே கேள்வி கேட்கிற இந்தப் பழக்கம்தான் அந்தச் சமூகத்தை மிஞ்ச வைத்ததோ எண்டு எங்களுக்குத் தோன்றுகிறது.

பெயர் போன வருடம்

கதை 70இல் முடியவில்லை. பேரரசர் ஹேட்ரியன், இடிந்து கிடந்த எருசலேமை ஏலியா கப்பித்தோலினா எண்ட உரோம நகரமாக்கத் திட்டமிட்டான். 132இல் சீமோன் பார் கொசிபா தலைமையில் யூதேயா மறுபடி எழும்பியது. ரபி அக்கிபா அவனை 'நட்சத்திரத்தின் மகன்', பார் கொக்பா எண்டு வரவேற்றதாகச் சொல்லப்படுகிறது. தோற்ற பிறகு அதே பெயரைத் திரித்து 'பொய்யின் மகன்' ஆக்கினார்கள்.

மூன்று வருடங்களுக்கு மேல் தனி ஆட்சி நடந்தது. உரோம நாணயங்களின் மேலேயே தங்கள் முத்திரையை அடித்து 'எருசலேமின் விடுதலைக்காக' எண்டு எழுதினார்கள். நிலத்துக்குள் சுரங்க மறைவிடங்கள் தோண்டினார்கள். 1960இல் யிகேல் யாதீன் குழு யூதேயப் பாலைவனக் குகையொன்றில் அவனுடைய கடிதங்களையே கண்டெடுத்தது. ஒரு கடிதத்தில் ஏன்கெதி ஆக்களைப் பார்த்து, சகோதரரைப் பற்றிக் கவலையில்லாமல் தின்று குடித்துக்கொண்டு இருக்கிறீர்களே எண்டு ஏசுகிறான். இன்னொன்றில், பண்டிகைக்குத் தேவையான குருத்தோலையும் எலுமிச்சை வகைப் பழமும் ஏற்றிவரக் கழுதைகளை அனுப்புகிறான். போர் முற்றிய நேரத்திலும் கூடாரத் திருவிழாவைக் கைவிடவில்லை.

ஹேட்ரியன் தூர பிரித்தானியாவிலிருந்து தன் சிறந்த தளபதி யூலியு செவரஸை வரவழைத்தான். 135இல் கடைசிக் கோட்டை பெத்தார் விழுந்தது. 985 கிராமங்கள் அழிந்தன, 580,000 பேர் சண்டையில் செத்தார்கள் எண்டு காசியு தியோ எழுதுகிறார். உரோமருக்கும் இழப்பு அதிகம். செனட் சபைக்கு எழுதும்போது 'நானும் படைகளும் நலம்' எண்ட வழக்கமான வரியை ஹேட்ரியன் எழுதவில்லையாம்.

அதுக்குப் பிறகு மாகாணத்தின் பெயர் 'சிரியா பலஸ்தீனா'. எருசலேமுக்குள் யூதர் நுழையத் தடை. பலஸ்தீனம் எண்ட பெயர் ஹேட்ரியன் கண்டுபிடித்தது இல்லை. அதுக்கு அறுநூறு வருடம் முந்திய ஹெரொடோட்டஸின் எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் யூதேயா எண்ட பெயரை எடுத்தது தண்டனை எண்டுதான் பெரும்பாலான ஆய்வாளர் பார்க்கிறார்கள். இந்தப் பெயர் மாற்றத்தை இன்றைக்கும் இரண்டு பக்கமும் ஆயுதமாக எடுக்கிறார்கள். ஒரு பேரரசன் ஏட்டில் பெயர் வெட்டினதை வைத்து, இன்று அந்த மண்ணில் யாருக்கு வாழ உரிமை இருக்கிறது, யாருக்கு இல்லை எண்டு தீர்மானிக்க முடியாது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

கலிலேயாவில் வாழ்வு தொடர்ந்தது. சுமார் 200இல் ரபி யூதா தலைமையில் மிஷ்னா தொகுக்கப்பட்டது. இடிந்து நூற்றிமுப்பது வருடமான ஆலயத்தில் எந்தப் பலியை எப்படிச் செலுத்துவது எண்ட விதிகளும் அதில் முழுசாக இருக்கின்றன.

பாபதாவின் பை

கடைசியாக ஒரு பெண். கடிதங்கள் கிடைத்த அதே குகையில் 1961இல் ஒரு தோற்பை கிடைத்தது. உள்ளே கவனமாகச் சுற்றிக் கட்டிய 35 ஆவணங்கள். பாபதா எண்ட யூதப் பெண்ணுடையவை. சாக்கடலின் தென்கரையில், உரோமின் அரேபிய மாகாணத்தில், பேரீச்சந்தோட்டம் வைத்திருந்தவள். தோட்டத்தின் உறுதிகள், கலியாணப் பத்திரம், 127ஆம் ஆண்டு உரோமக் குடிசன மதிப்பீட்டில் சீசர் பேரில் சத்தியம் செய்து பதிந்த காணிக் கணக்கு. தகப்பனை இழந்த மகனுக்கு மாதம் இரண்டு தெனாரி போதாது எண்டு பாதுகாவலர்களுக்கு எதிராகப் போட்ட வழக்கு. செத்த இரண்டாவது கணவனின் மற்ற மனைவியோடு சொத்துத் தகராறு. கடைசி ஆவணத்தின் ஆண்டு 132.

பாபதா புரட்சிக்காரி இல்லை. உரோம நீதிமன்றத்தை நம்பி வழக்குப் போட்டவள். கிளர்ச்சி தொடங்கியபோது எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு குகைக்கு ஓடினாள். உறுதிப் பையோடு ஓடுவது எப்படியான விஷயம் எண்டு எங்கட வாசகர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அந்தக் குகையில் மனித எலும்புகளும் இருந்தன. வீட்டுத் திறப்புகளும் இருந்தன. யாரோ பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள், அப்ப திரும்பிப் போகலாம் எண்டு நினைத்திருக்கிறார்கள். பையை எடுக்க பாபதா திரும்பி வரவில்லை.

பொம்பே, பிலாத்து, டைட்டஸ், பார் கொக்பா எண்டு நாங்கள் பெயர்களைப் படிக்கிறோம். அந்தக் காலத்து யூதேயாவில் பெரும்பாலான ஆக்கள் பாபதா மாதிரித்தான் இருந்திருப்பார்கள். பேரரசை எதிர்க்கிறதா இணங்குகிறதா எண்ட கேள்விக்கு முதல், மகனின் மாதச் செலவுக்கும் தோட்டத்தின் தண்ணீர் முறைக்கும் அலைந்தவர்கள். ஜொசீபஸின் ஏழு புத்தகத்திலும் அவர்களுக்கு இடமில்லை. ஒரு தோற்பை அழியாமல் கிடந்ததால் ஒருத்தியின் பெயராவது எங்களுக்குத் தெரியவந்தது.